பிரித்துப் போடும் மேசையக்கா

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் மேசையக்காவின் வலக்கை சும்மா இருக்காது. வெளியே ஓடுகிற ஆங்கிலப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். படித்த சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வண்டிக்குள் வீசுவாள். ‘பேங்க்’ என்றால் மணிக்கட்டு இடப்பக்கம் ஒரு சுண்டு சுண்டும். கடைக் கதவில் ‘புஷ்’ என்று இருந்தால் வலப்பக்கம். ‘நியூ’ என்று வந்தால் தோளுக்கு மேல் பின்பக்கமாகப் போகும். பக்கத்தில் வந்து உட்கார்ந்த புது ஆள், கொசு விரட்டுகிறாள் போல என்று நினைத்துச் சற்றுத் தள்ளி உட்காருவார். அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. ஒரு பலகையில் பத்துச் சொல் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் பேருந்து அதைத் தாண்டிப் போன பிறகும் தலையைத் திருப்பித் திருப்பிப் பிரித்துக்கொண்டிருப்பாள்.

பிரிப்பதுதான் அவள் தொழில். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியெல்லாம் வந்து சேரும் பெரிய சலவைக்கூடம் அது. மூட்டை மூட்டையாக வருகிற துணியை நீளமான இரும்பு மேசையில் கொட்டுவார்கள். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு அவள் நிற்பாள். சுற்றிலும் சக்கரம் வைத்த வண்டிகள், பத்துக்கு மேல் இருக்கும். படுக்கை விரிப்பு ஒன்றில், தலையணை உறை ஒன்றில், நோயாளி அங்கி ஒன்றில், டாக்டர் கோட்டு ஒன்றில், அறுவை அறையின் பச்சைத் துணி ஒன்றில், ரத்தக் கறை பட்டதெல்லாம் தனியாகச் சிவப்பு வண்டியில். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவள் பார்ப்பதில்லை. கை பாட்டுக்கு வீசும், துணி போய் விழும். சும்மா சொல்லக்கூடாது, ஒன்று தவறி வெளியே விழுந்து யாரும் பார்த்ததில்லை. கோட்டுப் பையிலிருந்து பேனா வரும், கத்தரி வரும், ஒரு முறை யாரோ ஒரு பெரியவரின் பல் செட்டே சிரித்தபடி வந்து விழுந்தது. "ஐயோ பாவம், சாப்பிட என்ன பண்றாரோ" என்று அதைக் கழுவித் துடைத்து, வந்த மூட்டையின் எண்ணைப் பார்த்து உரிய ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. கூடத்தில் எல்லாருக்கும் அவள் மேசையக்கா. வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் அவள் மகளே, "மேசையக்கா, கொஞ்சம் வாயைத் திறந்து பேசறீங்களா?" என்று கேட்பாள்.

மகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மேசையக்கா வாய் செத்தவள். ஊமை என்று சொல்ல முடியாது. கதை கேட்பாள், கேலி பண்ணுவாள், வேலையில் யாராவது துணியைக் குளறுபடி செய்தால் உரக்கவே திட்டுவாள். ஆனால் தனக்கென்று ஒன்று கேட்க வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் ஒரு அளவு சின்ன செருப்பைக் கட்டிக் கொடுத்தார். மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அது அறுகிற வரைக்கும் அதையே போட்டு நடந்தாள். பேருந்தில் அவள் இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் இறங்கவில்லை என்றால் மணி அடிக்க மாட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவாள். "ஒருத்திக்காகப் போயி அவ்வளவு பெரிய வண்டிய நிறுத்தணுமா?" என்பாள். அதற்காகத்தானம்மா அந்த மணியையே வைத்திருக்கிறான் என்று அவள் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கிற மனிதர் அவர். எதையும் கழற்றிச் சரிசெய்துவிடுவார், இதை மட்டும் முடியவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஆங்கிலம் எங்கிருந்து வந்து ஒட்டியது என்றால், அதற்குக் காரணம் புது மேனேஜர். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. கூடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. இரு தரப்பும் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த நிர்வாகம், வேலை முடிந்ததும் கேன்டீனில் வாரம் இரண்டு நாள் வகுப்பு ஏற்பாடு செய்தது. சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் சின்னப் பெண். முதல் நாளே பலகையில் எட்டுக் கட்டம் போட்டாள். ஆங்கிலத்தில் எத்தனை ஆயிரம் சொல் இருந்தாலும் அத்தனையும் இந்த எட்டு வகையில் அடங்கிவிடும் என்றாள்.

பாதிப் பேர் அன்றைக்கே கொட்டாவி விட்டார்கள். மேசையக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எட்டு வண்டி தானா டீச்சர்?"

"வண்டியா?"

"எட்டு வகைதானான்னு கேக்கறேன். ஒன்பதாவது கிடையாதே?"

"கிடையாதுக்கா."

"இவ்வளவுதானா," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "நான் தினமும் இதை விட அதிகமாத் தள்றேனே."

அன்றிலிருந்து பிடித்த பிடி. நவுன் என்றால் விரிப்பு மாதிரி; மூட்டையைப் பிரித்தால் முதலில் வந்து குவிவது அதுதான். வெர்ப் என்பது மெஷின், ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருக்கும், அது நின்றால் கூடமே நின்றுபோகும். ப்ரோநவுன் என்னவென்று டீச்சர் மூச்சு வாங்க விளக்கிக்கொண்டிருந்தபோது, "லீவு போட்டவங்களுக்குப் பதிலா வர்ற ஆளு, அதானே?" என்று கேட்டு வேலையைச் சுலபமாக்கிவிட்டாள். ஈரத் துணி, கறைத் துணி, கிழிந்த துணி என்று துணிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருவதெல்லாம் அட்ஜெக்டிவ். மேலே, கீழே, உள்ளே, பக்கத்தில் என்று இடம் காட்டுவது ப்ரெபொசிஷன். மூட்டைக்குள் ஊசி குத்தினால் வாயில் வருகிறதே ஒன்று, அது இன்டர்ஜெக்ஷன்; அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு நாள்தான் அவளுக்கும் டீச்சருக்கும் சண்டை வந்தது. ‘அயர்ன்’ என்ற சொல்லை நவுன் என்று எழுதிப் போட்டிருந்தாள் அக்கா. டீச்சர் கொடுத்த வாக்கியத்தில் அது வெர்ப்.

"இஸ்திரிப் பெட்டி பொருள்தானே டீச்சர்? பொருள்னா நவுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொருளா வந்தா நவுன். இங்க சட்டையைத் தேய்க்கறதைச் சொல்லுது. அப்ப வெர்ப்."

"காலையில பொருளு, சாயங்காலம் வேலையா? ஒரு இடத்துல நிக்க வேணாமா அது?"

"சொல்லுக்குன்னு நிரந்தரமா ஒரு இடம் கிடையாதுக்கா. வாக்கியத்துல அது என்ன வேலை பாக்குதுன்னுதான் பாக்கணும்."

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் அந்தச் சொல்லோடு பேச்சுவார்த்தையே இல்லை. மூன்றாம் நாள் மேசையில் ஒரு படுக்கை விரிப்பு வந்தது, நடுவில் நீளக் கிழிசல். விரிப்பு வண்டிக்குப் போக ஓங்கிய கை நின்றது. கிழிந்ததை நான்காக வெட்டித் தரை துடைக்கப் போடுவார்கள். அதற்குத் தனி வண்டி. நேற்று வரைக்கும் விரிப்பு, இன்றைக்குத் துடைக்கிற துணி. துணி அதேதான். அந்த வார வகுப்பில் டீச்சரிடம் போய், "புரிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்ன புரிந்தது என்று டீச்சருக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி வைத்தாள். டிவியில் ஆங்கிலச் செய்தி ஓடினால் கை வீசும். மகள் போனில் தோழியோடு ஆங்கிலத்தில் பேசினால் இவள் கதவோரம் நின்று வீசிக்கொண்டிருப்பாள். "அம்மா, ஒட்டுக் கேக்கறியா?" என்று மகள் சீறினால், "நீ என்ன பேசறேன்னு யாருக்குத் தெரியும்? நான் சொல்லைத்தான் எடுத்துக்கிட்டேன்" என்பாள். அது சத்தியமான உண்மை. அர்த்தம் அவள் கையில் தங்குவதே இல்லை. ஒரு வாக்கியம் காதில் விழுந்த மாத்திரத்தில் சொல் சொல்லாகப் பறந்து வண்டிகளில் விழுந்துவிடும், மேசை காலியாகிவிடும். பதில் சொல்ல மிச்சம் எதுவும் இருக்காது.

இந்த வகுப்பிலேயே இன்னொரு பிறவியும் இருந்தது. இஸ்திரி உருளையில் வேலை செய்கிறவள், இவளுக்கு உயிர்த்தோழி. எட்டு வகையில் ஒன்று கூட அவளுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. அவள் ஒரு நாள் மேனேஜரை நடுக்கூடத்தில் நிறுத்தி, நீராவி கக்கும் உருளையைக் காட்டி, "சார், மெஷின் ஹாட். மீ ஹாட். ஃபேன் நோ" என்றாள். மறுநாள் மதியத்துக்குள் அவள் தலைக்கு மேல் ஒரு பெரிய மின்விசிறி சுற்றியது.

"அதுல ஒரு வெர்ப் கூட இல்லைடி," என்றாள் மேசையக்கா, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே.

"ஃபேன் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? நீ உன் வெர்பை வச்சு விசிறிக்க."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அன்று சாயங்காலம் பேருந்துக்கு நடந்தபோது மேசையக்கா வழக்கத்தை விட மெதுவாக நடந்தாள். குதிகால் வலி. கொஞ்ச நாளாகவே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. காலையில் படுக்கையை விட்டு இறங்கித் தரையில் கால் வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி இருக்கும். வேலை முடிகிற நேரத்தில் கணுக்கால் வரைக்கும் வீங்கிவிடும். கணவர்தான் ஒரு நாள் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் எலும்பின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நின்றுகொண்டு செய்கிற வேலையை விட்டாக வேண்டும், இல்லை என்றால் கொஞ்ச நாளில் நடப்பதே கஷ்டமாகிவிடும் என்று சொல்லிவிட்டார்.

சலவைக்கூடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், சூப்பர்வைசர் வேலை. காலை ஷிப்டின் சூப்பர்வைசர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் கிடைத்தால் அவள் கூடத்தில் இருக்கலாம்; கிடைக்காவிட்டால் வீட்டில்தான். மகளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதெல்லாம் ஒரு பக்கம். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. மிக்ஸி ஜாடிகளையும் மின்விசிறி இறக்கைகளையும் எத்தனை தடவைதான் பிரித்து அடுக்குவாள்?

"போயி கேளு," என்றார் கணவர்.

"என்னன்னு கேக்கறது?"

"எனக்கு அந்த வேலை வேணும்னு கேளு."

"அவங்களாத் தெரிஞ்சு குடுத்தா வாங்கிக்கறேன். நானாப் போயி எப்படிங்க..."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? உன் குதிகால் என்ன நோட்டீஸ் போர்டுலயா ஒட்டியிருக்கு?"

அவள் போய்க் கேட்கவில்லை. கேட்டது டீச்சர். சூப்பர்வைசர் இடம் காலியாகப் போவதைக் கேள்விப்பட்டு மேனேஜரிடம் போய், என் வகுப்பில் இவரைப் போல இலக்கணம் தெரிந்தவர் யாரும் இல்லை, ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள் என்று சொன்னாள். மேனேஜரும் சரி என்றார்.

மேனேஜர் அறை மாடியில் இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அங்கிருந்து பார்த்தால் மொத்தக் கூடமும் தெரியும். இரும்புப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். உள்ளே மேனேஜர் இருந்தார், ஓரத்தில் ஒரு ஸ்டூலில் டீச்சர் இருந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"ப்ளீஸ் சிட் டவுன்," என்றார் மேனேஜர்.

சிட், வெர்ப். அது வலப்பக்கம் போய்விட்டது. டவுன் ப்ரெபொசிஷனா, அட்வெர்பா? பின்னால் பொருள் எதுவும் இல்லை, ஆகவே அட்வெர்ப். ப்ளீஸ்தான் இழுத்தது, அதைப் பிறகு பார்க்கலாம் என்று டீச்சர் ஒரு தடவை தள்ளிப் போட்டிருந்தாள். எந்த வண்டி, எந்த வண்டி என்று அக்கா மனதுக்குள் அலைந்துகொண்டிருந்தபோது மேனேஜர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். இவர் நிற்கத்தான் விரும்புகிறார் போல என்று அவராகவே முடிவு செய்துகொண்டு அடுத்ததுக்குப் போனார். அவர் மரியாதை தெரிந்த மனிதர்.

"டெல் மீ அபவுட் யுவர் வொர்க்."

இது நல்ல வாக்கியம். வொர்க் என்பது இரண்டு பக்கமும் போகக் கூடிய சொல், ஆனால் இங்கே சந்தேகமில்லாமல் நவுன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மேனேஜரும் பதிலுக்குப் புன்னகைத்தார். அப்படியே இருவரும் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பதில் சொல்லுங்க," என்று டீச்சர் மெதுவாகச் சொன்னாள்.

"மீ ப்ரோநவுன், சார்," என்றாள் மேசையக்கா.

மேனேஜர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அக்கா, தமிழ்லயே சொல்லுங்க. நான் அவருக்குச் சொல்லிடறேன். உங்க வேலையைப் பத்திக் கேக்கறாரு."

தமிழ் என்றதும் நிலைமை இன்னும் மோசமானது. ஆங்கிலத்திலாவது பிரிப்பதற்கு ஏதோ இருந்தது. "சொல்ல என்ன இருக்கு டீச்சர்? வர்றதைப் பிரிச்சுப் போடறேன். அவ்வளவுதான்." இத்தனை வருஷத்தையும் ஒரு கைக்குட்டை அளவுக்கு மடித்துக் கொடுத்துவிட்டாள். டீச்சர் அதை மொழிபெயர்த்துவிட்டு, தானாக நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொன்னாள். மேனேஜர் தலையாட்டிக் கேட்டார். ஏதாவது கேட்க விரும்புகிறாரா என்று விசாரித்தார். டீச்சர் அதையும் தமிழில் சொன்னாள். அக்கா இல்லை என்று தலையசைத்தாள்.

"தேங்க் யூ. யூ மே கோ," என்றார் அவர்.

போகலாம் என்கிறார். டீச்சர் சொல்லாமலே அது புரிந்தது. அக்கா திரும்பினாள். கதவுப் பிடியில் கை வைத்தாள், பக்கத்திலேயே கண்ணாடி. கீழே அவளுடைய மேசை, அதன் மேல் அவள் வருகைக்காகக் காத்துக் கிடக்கும் மூட்டைகள். இன்னொருத்தி அவளுக்குப் பதிலாக நின்று வீசிக்கொண்டிருந்தாள். அங்கி ஒன்று வண்டிக்கு வெளியே விழுந்து கிடந்தது. இப்போது இந்தப் படிகளில் இறங்க வேண்டும். இறங்கிப் போய் அந்த மேசை முன்னால் நிற்க வேண்டும். இந்த மாதம் முழுக்க நின்றுவிட்டு, அதன் பிறகு ஒரு நாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். டாக்டர் சொன்னது இவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே, நல்ல வேலைக்காரி, பாவம் ஏனோ வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்பார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விட அதிகமாகக் கோபம் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம்.

கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"நோ கோ," என்றாள்.

மேனேஜர் நிமிர்ந்தார்.

"நோ கோ, சார். ஐ ஸ்டாண்ட் மெனி இயர். மெனி மெனி இயர் ஸ்டாண்ட். லெக் பெயின். டாக்டர் டெல் நோ ஸ்டாண்ட்." மூச்சு வாங்கியது. கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டினாள். "ஆல் கிளாத் ஐ நோ. ஆல் மெஷின் ஐ நோ. ஆல் பீப்பிள், ஹூ குட், ஹூ லேசி, ஐ நோ. சூப்பர்வைசர், ஐ வாண்ட். மீ. ஐ வாண்ட்."

டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்து மொழிபெயர்க்க வாயெடுத்தாள். மேனேஜர் அவளைப் பார்க்காமலே கையை உயர்த்தி வேண்டாம் என்றார். பேனாவைக் கீழே வைத்தார். மேசையக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மேசைக்கு மேலாக எட்டி அவள் காலைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

"வெயிட், சார்," என்றாள் அவள்.

நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்து உட்கார்ந்தாள். குனிந்து, வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.